வெஸ்டர்ன் படங்களில் தனியாக மாட்டிக்கொள்ளும் பெண் பிழைத்துவிடுகிறாளே, அது எவ்வளவு நிஜம்?

கேள்வி இதுதான்: "வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் புருஷனை இழந்தோ, வழி தவறியோ வனாந்தரத்தில் தனியாக நிற்கும் பெண் எப்படியோ பிழைத்துவிடுகிறாள். நிஜத்தில் அது சாத்தியமா? இதை ஒழுங்காகக் காட்டிய படங்கள் உண்டா?"

சாத்தியம்தான். நிஜத்தில் நடந்தும் இருக்கிறது. ஆபத்தைப் படங்கள் சரியாகவே காட்டுகின்றன. அவள் எதனால் பிழைத்தாள் என்று சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலான படங்கள் கோட்டை விடுகின்றன. அவள் நடுங்கும் கையோடு துப்பாக்கியைத் தூக்கும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் வைத்துவிடுகிறார்கள். அந்த நொடிக்கு முன்னால் முந்நூறு நாள் அவள் தண்ணீர் சுமந்திருப்பாள், எரிபொருள் பொறுக்கியிருப்பாள், இறைச்சிக்கு உப்புப் போட்டிருப்பாள். அந்த வேலைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது. நான் லயன், முத்து காமிக்ஸ் வழியாகக் கௌபாய் உலகத்துக்குள் வந்தவன். டெக்ஸ் வில்லர் குதிரையில் போகும் பக்கங்களைப் புரட்டியபோது, அந்தப் பாலைவனத்து வீட்டில் அடுப்பு எதை வைத்து எரிகிறது என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. வெகுநாள் கழித்து அங்கே குடியேறிய பெண்கள் எழுதிய கடிதங்களைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியே வந்தது.

முதலில் ஒரு பழைய படத்தை எடுத்துக்கொள்ளலாம். 1953-இல் வந்த 'ஹோண்டோ'. ஜான் வெய்ன் நாயகன். அப்பாச்சி பழங்குடிகளின் நிலத்துக்கு நடுவே ஆங்கி லோ என்ற பெண் சின்ன மகனோடு ஒரு பண்ணையில் தனியாக இருக்கிறாள். கணவன் சீக்கிரம் வந்துவிடுவான் என்று சொல்கிறாள். குதிரைகளுக்கு லாடம் அடிக்காமலும், கோடரி தீட்டாமலும், வேலைகள் போட்டது போட்டபடி கிடப்பதையும் பார்த்தே, அந்த வீட்டில் வெகுநாளாக ஆண் இல்லை என்று நாயகன் கண்டுபிடித்துவிடுகிறான். அப்புறம் அவனே லாடம் அடிக்கிறான், விறகு பிளக்கிறான். ஜெரால்டின் பேஜ் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார், அதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தக் கோடரி உறுத்திக்கொண்டே இருக்கும். மழுங்கிய கோடரியை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. உண்மையிலேயே மாதக்கணக்கில் தனியாகப் பண்ணை நடத்தியவள் என்றால், அந்த வீட்டிலேயே மிகக் கூர்மையான பொருள் அந்தக் கோடரியாகத்தான் இருந்திருக்கும்.

கோடரி இருந்தும் மரம் இல்லாத ஊர்களும் இருந்தன. நெப்ராஸ்கா, கான்சாஸ், டகோட்டா பக்கத்துப் பிரெய்ரி புல்வெளியில் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு மரம் கண்ணில் படாது. அங்கே அடுப்பெரித்தது காட்டெருமைச் சாணம். நம் ஊரில் தட்டிக் காயவைக்கும் வறட்டி போல அல்ல, புல்வெளியில் கிடந்து தானாகவே காய்ந்தது. கிழக்கே இருந்து வந்த பெண்கள் முதலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு எடுத்தார்களாம். ஒரு மாதத்தில் வெறுங்கையால் பாவாடை மடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டார்கள். நன்றாக எரியும், ஆனால் சீக்கிரம் எரிந்துவிடும். ரொட்டி சுடும் நேரத்தில் அடுப்பைவிட்டு நகரவே முடியாது. எத்தனையோ வெஸ்டர்ன்களில் பெண்கள் மேசைமேல் சூடான ரொட்டியை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாணம் பொறுக்கும் காட்சி எத்தனை படத்தில் வந்தது?

மரம் இல்லாததால் வீடும் மண்தான். புல் வேரோடு சேர்ந்த மண்ணைக் கலப்பையால் நீளப் பட்டையாகக் கீறி, செங்கல் போல வெட்டி அடுக்குவார்கள். ஒவ்வொரு கட்டியும் ஏறக்குறைய மூன்றடி நீளம், ஓரடி அகலம். 'நெப்ராஸ்கா பளிங்கு' என்று அதற்குப் பெருமையாகப் பெயர் வைத்திருந்தார்கள். கனத்த சுவர், அதனால் குளிரிலும் வெயிலிலும் உள்ளே இதமாக இருக்கும். கூரைதான் பிரச்சினை. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டும், சில நேரம் பாம்பும் விழும். கூரைக்குக் கீழே மெல்லிய துணியை விரித்துக் கட்டினால் மண்ணாவது சாப்பாட்டில் விழாமல் இருக்கும்.

தண்ணீருக்கு வருவோம். 'தனியாக' என்ற சொல் உடைந்துபோகும் இடம் இது. ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் கிணறு வெட்ட வேண்டும். கிணறு ஒருவரால் வெட்ட முடியாது. ஒருவர் உள்ளே இறங்கித் தோண்டினால், மேலே நின்று வாளியில் மண்ணை இழுக்க இன்னொருவர் வேண்டும். குழி சரிந்தாலோ உள்ளே கெட்ட காற்று தங்கினாலோ கத்தும் குரலைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அதனால் நிஜத்தில் தனியாக நிலம் வாங்கிய பெண்கள் தனியாக இருக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகும். குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் விதவைகள், திருமணமாகாத பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்குத்தான் பொதுவாக அந்த உரிமை இல்லை! பின்னாளில் மேற்கே பல இடங்களில், விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குப் பெண்கள் இருந்தார்கள். அக்கா தங்கைகளும் தோழிகளும் பக்கத்துப் பக்கத்து நிலமாகப் பார்த்து எடுத்தார்கள். எல்லைக்கோட்டை ஒட்டி இருவரும் குடிசை போட்டுக்கொண்டார்கள். சில இடங்களில் கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, இந்தப் பாதி என் நிலத்தில், அந்தப் பாதி உன் நிலத்தில் என்று சட்டத்தையும் நிறைவேற்றினார்கள், ராத்திரித் துணையையும் தேடிக்கொண்டார்கள். எந்தத் திரைக்கதையாசிரியராவது இந்த வீட்டை எடுத்துக்கொண்டு ஒரு படம் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 'யாரும் இல்லாத நிலம்' என்று படங்கள் காட்டும் நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள். சூ, ஷோஷோனி, அப்பாச்சி, இன்னும் எத்தனையோ மக்களிடமிருந்து பறித்ததுதான் அரசாங்கம் 160 ஏக்கராகப் பிரித்துக் கொடுத்த நிலம். வெஸ்டர்ன்களில் தனிப் பெண்ணுக்கு வரும் முதல் ஆபத்தே செவ்விந்தியத் தாக்குதல்தான். மேற்கே குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டிப் பயணங்களைப் பற்றி வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ திரட்டிய கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். அந்த வழியில் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போனது காலராவும் மற்ற நோய்களும். கூடவே வண்டிச் சக்கரம், ஆற்று வெள்ளம், கைதவறி வெடித்த சொந்தத் துப்பாக்கி.

முழுக்க முழுக்கத் தனியாக, குழந்தைகளோடு வனாந்தரத்தில் ஒரு பனிக்காலத்தைத் தாண்டியவர் யாராவது உண்டா என்றால், நான் முதலில் சொல்லும் பெயர் மாரி டோரியன். அவர் வெள்ளைக்காரக் குடியேறி இல்லை, அயோவா பழங்குடிப் பெண். கணவர் பியேர் டோரியன் மென்மயிர் வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். 1811-இல் அவரோடு பசிபிக் கரை நோக்கிப் போன கூட்டத்தில் மாரியும் இரண்டு சின்னப் பையன்களோடு போனார், அப்போது கர்ப்பிணி. அந்த டிசம்பர் கடைசியில் வழியிலேயே குழந்தை பிறந்தது. சில நாளில் இறந்தும் போனது. அது கதையின் முன்பாதிதான்.

1814 ஜனவரியில், இப்போதைய ஐடஹோவில், கணவரும் கூட இருந்த வேட்டைக்காரர்களும் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். மாரி இரண்டு குதிரைகளையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார். நீல மலைத்தொடரில் பனி வழியை அடைத்துவிட்டது. அங்கே அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். குதிரைகளைக் கொன்றார். இறைச்சியைப் புகை போட்டுப் பதப்படுத்தினார். மரக்கிளைகளை நட்டு, குதிரைத் தோலைப் போர்த்தி, மேலே பனியை அணைத்துக் கட்டிக் குடில் போட்டார். அதில் 53 நாள். இறைச்சி தீரும் சமயத்தில் பனி கொஞ்சம் இளகியதும் மறுபடி நடந்தார். வெண்பனியின் கூச்சத்தில் சில நாள் கண் தெரியாமல் போனது, பார்வை திரும்பும் வரை காத்திருந்தார். கடைசியில் வாலா வாலா மக்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு பையன்களும் பிழைத்தார்கள். மாரி 1850 வரை ஆரிகனில் வாழ்ந்தார்.

இந்தக் கதையில் ஒரு துப்பாக்கிச் சண்டையும் அவர் போடவில்லை. குதிரையை எப்போது கொல்வது என்ற முடிவுதான் இதன் உச்சம். குதிரை இருந்தால் நடக்கலாம், கொன்றால் சாப்பிடலாம், இரண்டும் முடியாது. சரியான நாளில் அந்த முடிவை எடுக்கும் அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் வளர்ந்த மக்களிடமிருந்து. புகை போட்ட இறைச்சி எத்தனை நாள் தாங்கும், எந்தக் கிளை காற்றை மறைக்கும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து கையில் ஊறியது. அதுதான் படங்களில் திரும்பத் திரும்ப விடுபடுகிறது. நகரத்திலிருந்து வந்த நாயகி இரண்டே காட்சியில் எல்லாம் கற்றுக்கொண்டுவிடுகிறாள்.

இனி, ஒழுங்காக எடுத்த படங்கள்.

எனக்கு முதல் இடம் 'ஹார்ட்லேண்ட்', 1979, இயக்கம் ரிச்சர்ட் பியர்ஸ். மிகச் சின்ன பட்ஜெட்டில் மொன்டானாவில் எடுத்தார்கள், பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட் என்ற பெண்ணின் கடிதங்கள்தான் அடிப்படை. அவர் டென்வரில் வீட்டு வேலையும் சலவையும் செய்து பிழைத்தவர். 1909-இல் சின்ன மகளோடு வயோமிங்கில் ஒரு பண்ணையில் வீட்டுப் பொறுப்பாளராக வேலைக்குப் போனார், தன் பெயரில் நிலத்துக்கு விண்ணப்பித்தார், சில வாரங்களிலேயே முதலாளியையே மணந்தார். அவருடைய கடிதங்கள் 1914-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒன்றில் அவர் சொல்வதன் சாரம்: சலவைத் தொட்டியின் முன்னால் ஒரு பெண் செலவிடும் அதே உழைப்பை நிலத்தில் போட்டால், அவளுக்குத் தன்னந்தனியாக இருப்பதில் சலிப்பு வராது என்றால், அவள் கட்டாயம் ஜெயிப்பாள். இன்னொன்றில் புல் அறுக்கும் இயந்திரம் ஓட்டியதைச் சொல்கிறார். அந்த வேலை தெரியும் என்று சொன்னால் பெண்ணுக்கு அழகில்லையே என்று முதலில் சொல்லாமலே இருந்திருக்கிறார். ஆள் கிடைக்காமல் புல் வீணாகப் போவதைப் பார்த்ததும் தானே வண்டியைப் பூட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்.

படம் இந்த உணர்வை அப்படியே வைத்திருக்கிறது. பன்றி அறுப்பதை முழுதாகக் காட்டுகிறார்கள். பனிப்புயலில் பிரசவ வலி வருகிறது. மருத்துவச்சியைக் கூட்டிவரக் கணவன் குதிரையில் போகிறான், வெறுங்கையோடு திரும்புகிறான். அவள் தானே பெற்றெடுக்கிறாள். கான்சாட்டா ஃபெரல் அந்தக் காட்சியில் கத்திக் கூப்பாடு போடுவதில்லை. வேலையில் இருப்பவளைப் போல இருக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் மாடுகளில் பாதி செத்துப்போன பிறகு, ஒரு பசு கன்று போட முடியாமல் திணறுகிறது. இருவரும் சேர்ந்து கன்றை இழுக்கிறார்கள். அது நிஜமான ஈற்று, நடிப்பில்லை. நம் வீட்டுத் தொழுவத்தில் கன்று போடும்போது கூட நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும்.

தனிமை மனதை என்ன செய்யும் என்பதற்கு 1928-இல் வந்த 'தி விண்ட்' என்ற மௌனப் படம். இயக்கம் விக்டர் ஷோஸ்ட்ரோம், நடிப்பு லில்லியன் கிஷ். டெக்சாஸுக்கு வரும் ஒரு பெண்ணை ஓயாத காற்றும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியத்தின் விளிம்புக்குத் தள்ளுகின்றன. மொஹாவே பாலைவனத்தில் விமான இஞ்சின்களை வைத்து மணலை ஊதவிட்டு எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த ஒரு காரின் கதவுக் கைப்பிடியைத் தொட்டு கிஷ்ஷின் கை வெந்துபோனது. மேசையில், ரொட்டியில், படுக்கையில் எங்கும் மணல். துடைப்பதும் பெருக்குவதும் முடியவே முடியாத வேலை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் உணரவைத்த படம். அவள் புதைத்த பிணத்தை மூடிய மண்ணைக் காற்று மெல்ல மெல்ல விலக்குவதை ஜன்னல் வழியே பார்க்கும் அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டாரதி ஸ்கார்பரோவின் மூல நாவலில் அவள் புயலுக்குள் நடந்துபோய்விடுகிறாள், படத்திலோ நல்ல முடிவு. எனக்கு நாவலின் முடிவுதான் சரியாகப் படுகிறது. அது இருட்டாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் காற்றுக்கு அத்தனை பலம் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு நிமிஷத்தில் அது ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்ப முடியவில்லை.

'தி ஹோம்ஸ்மன்', 2014, இதே விஷயத்தைத் தொடுகிறது. நெப்ராஸ்காவில் புத்தி பேதலித்த மூன்று பெண்களை வண்டியில் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஒரு தனிப் பெண் ஏற்கிறாள். ஹிலரி ஸ்வாங்க் நடித்த மேரி பீ கடி, நன்றாக உழுகிறாள், நன்றாகச் சமைக்கிறாள், நிலமும் பணமும் வைத்திருக்கிறாள், ஆனால் பேச ஆளில்லை. முதல் பாதி அருமை. பிற்பாதியில் படம், அதை இயக்கி நடித்த டாமி லீ ஜோன்ஸின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் வருத்தம்.

கடைசியாக 'மீக்ஸ் கட்டாஃப்', 2010, கெல்லி ரைக்கார்ட் இயக்கியது. 1845-இல் ஸ்டீஃபன் மீக் என்ற வழிகாட்டி, குறுக்கு வழி என்று சொல்லி ஏறக்குறைய 200 வண்டிகளைக் கிழக்கு ஆரிகன் பாலைவனத்துக்குள் கூட்டிப்போய்ப் பரிதவிக்கவிட்ட நிஜச் சம்பவம். படத்தில் மூன்றே வண்டிகள். நாயகி எமிலி தனியாள் இல்லை, கணவன் கூடவே இருக்கிறான். இருந்தாலும் இதைத் தனிமையின் படம் என்றே சொல்வேன். முடிவெடுக்கும் ஆண்கள் தள்ளி நின்று பேசுகிறார்கள், பெண்களுக்கு அது காதில் விழுவதில்லை. அவர்கள் தலையில் இருப்பது இரண்டு பக்கமும் நீண்டு மறைக்கும் துணித் தொப்பி, நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். படத்தின் சட்டகத்தையும் கிட்டத்தட்டச் சதுரமாகவே வைத்துவிட்டார் இயக்குநர். விரிந்த பாலைவனம் கிடையாது, அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன என்று நமக்கும் தெரியாது.

துப்பாக்கி விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. எமிலி சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் ஒரு பூர்வகுடி மனிதனைப் பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடிவருகிறாள். மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேட்டு போட வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி போல வாய் வழியே மருந்து கெட்டிக்கும் ரகம் அது. ஒரு முறை சுடுகிறாள். மறுபடி மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, தூக்கிச் சுடுகிறாள். கேமரா தூரத்தில் அசையாமல் நின்று இதை முழுவதும் காட்டுகிறது. எத்தனை வெஸ்டர்ன்களில் எத்தனை ஆயிரம் குண்டுகள் பறந்திருக்கும், ஒரு குண்டுக்கு இவ்வளவு நேரமா என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிற்பாடு, பிடிபட்ட அந்த மனிதனின் கிழிந்த காலணியை அவளே தைத்துக் கொடுக்கிறாள். அன்பினால் இல்லை, அவன் தனக்குக் கடன்பட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு. தண்ணீர் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்த நான்கில் ஒன்று மட்டும் பார்க்க நேரம் உண்டென்றால் 'ஹார்ட்லேண்ட்'. இரண்டாவதாக 'மீக்ஸ் கட்டாஃப்' பார்ப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்: ஆண்கள் தூரத்தில் நின்று பேசும் காட்சிகளில் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். அவர்கள் முணுமுணுப்பதை எழுத்தில் படித்துவிட்டால் நீங்கள் ஆண்கள் பக்கம் போய் நின்றுவிடுவீர்கள். காதில் விழாமல், காற்றும் சக்கரத்தின் கிரீச்சும் மட்டும் கேட்டுக்கொண்டு, எமிலியோடு அடுப்பருகே நின்று பாருங்கள்.